மேற்கு ஜன்னலைத் திறந்த நாள்

1948-ஆம் வருஷம், புரட்டாசி பிறந்த சமயம். அரியலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் எங்கள் போட்டோ ஸ்டூடியோ இருந்தது. இன்று 'எங்கள்' என்று சொல்கிறேன். அன்றைக்கு ஊர்க்காரர்கள் வாயில் அது என் வீட்டுக்காரரின் ஸ்டூடியோதான். எனக்கு இருபத்து நான்கு வயது.

அந்த வருஷம் சித்திரையில் கூரைக் கண்ணாடியைக் கழுவ ஏறியவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்த அறையில் கட்டிலோடு கிடந்தார். படம் கழுவுவது, பிரிண்ட் போடுவது, நெகட்டிவில் பென்சில் வேலை செய்வது எல்லாம் கல்யாணம் ஆன மாதத்திலிருந்தே நான் செய்து வந்த வேலைகள். கேமராவுக்குப் பின்னால் நிற்பது மட்டும்தான் அவருடையதாக இருந்தது. அவர் படுத்த பிறகு அதையும் நானே எடுத்துக்கொண்டேன்.

வாசல் வரை வந்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு பொம்பளை நிற்பதைப் பார்த்துவிட்டு, சார் எழுந்து நடமாடட்டும், அப்புறம் வருகிறோம் என்று திரும்பிப் போன ஆண்கள் நிறைய பேர். போகட்டும் என்று விட்டேன். அதுவரை படமே எடுத்துக்கொள்ளாத வீட்டுப் பெண்கள், எடுப்பது ஒரு பெண் என்று தெரிந்து வர ஆரம்பித்தார்கள். அடுப்பு அணையாமல் இருந்தது அவர்களால்தான்.

எங்கள் ஸ்டூடியோவில் மின்சார விளக்கு கிடையாது. வடக்குப் பக்கம் சரிந்த கூரையில் பெரிய பெரிய கண்ணாடிகள், அவற்றுக்குக் கீழே இழுத்து மூடவும் திறக்கவும் வெள்ளைத் திரைகள். வெயில் நேராக உள்ளே வராது. வானத்து வெளிச்சம் மட்டும் இறங்கும். என் வீட்டுக்காரர் இதற்கென்று ஒரு வழிமுறை வகுத்து வைத்திருந்தார். திரைகளையெல்லாம் திறந்துவிட்டு, முகத்துக்கு நேராக வெளிச்சம் விழும்படி உட்கார வைக்க வேண்டும். முகத்தில் எங்கேயும் நிழல் இருக்கக் கூடாது. அதற்கு முன்னால் பவுடர், அதற்குப் பின்னால் பென்சில். நெகட்டிவில் பென்சிலால் தேய்த்த இடம் பிரிண்டில் வெளுப்பாக விழும். கன்னம், நெற்றி, கழுத்து என்று நம் ஊர்ச் சனங்கள் எத்தனை பேரை அப்படி நான் வெளுக்க வைத்திருப்பேனோ எனக்கே தெரியாது. எல்லாரும் சந்தோஷமாகத்தான் வாங்கிப் போனார்கள்.

மேற்குச் சுவரிலும் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. சாயங்கால வெயில் உள்ளே வந்தால் படம் பாழ் என்று அதை ஆணி அடித்து மூடியிருந்தார்.

அந்தப் புரட்டாசியில் கடைவீதி ஜவுளிக்கடை முதலாளி ஒரு வேலை கொண்டுவந்தார். யுத்த காலத்துத் துணிக் கட்டுப்பாடு தளர்ந்து வியாபாரம் சூடுபிடித்த நேரம். தீபாவளி நோட்டீசில் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண்ணின் படத்தைப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. திருச்சியில் படத்தை உலோகத் தகட்டில் பிளாக் செய்து அச்சடிக்க ஏற்பாடாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையைக் கொடுத்தனுப்பினார். சேலை கட்டி நிற்பதற்குத் திருச்சியிலிருந்து ஒரு நாடக நடிகை வருவாள் என்றார். சொன்ன நாளில் ரயில் வந்தது, நடிகை வரவில்லை. மறுநாள் காலை படம் அவர் கைக்குப் போயாக வேண்டும். வேறு யாரையாவது நீயே பாரும்மா, ஆனால் செவப்பா இருக்கணும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

நான் யாரைப் போய்க் கேட்பது? நோட்டீசில் முகம் வருகிறது என்றால் எந்தக் குடும்பத்தில் பெண்ணை அனுப்புவார்கள்? நானே கட்டிக்கொண்டு நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தார்.

முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல உயரம், நல்ல கறுப்பு. குன்னம் பக்கத்து ஊர், மானாவாரிக் காட்டில் கூலி வேலை செய்கிற குடும்பம். அண்ணன் வெங்காய மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார், மறுநாள்தான் வண்டி திரும்பும், அந்த வண்டியிலேயே தானும் வந்ததாகச் சொன்னார். புருஷன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நடுவில் ஜப்பான்காரன் சண்டை வந்து கடிதமே நின்றுபோயிற்று. செத்திருப்பான் என்று பாதி ஊர் சொன்னது, அங்கே வேறு குடும்பம் வைத்திருப்பான் என்று மீதி ஊர் சொன்னது. இப்போது அவரிடமிருந்தே கடிதம் வந்துவிட்டது. உன் போட்டோ ஒன்று எடுத்து அனுப்பு என்று எழுதியிருக்கிறார். அதற்காகத்தான் அந்த அம்மாள் வந்திருந்தார்.

அவர் நின்ற நிற்பைப் பார்த்தேன். ஒடுங்காமல், எதிலும் சாயாமல் நின்றார். சேலைக்குத் தேவையான உடம்பு அது. நிறம்தான் முதலாளி கேட்ட நிறமில்லை. நிறத்துக்கு என்ன, பவுடரும் பென்சிலும் இருக்கின்றனவே என்று நினைத்தேன். சமாசாரத்தைச் சொன்னேன். அதே படத்தில் ஒரு பிரதியை மலாயாவுக்கு அனுப்பிக்கொள்ளலாம், எதுவும் தர வேண்டாம் என்றேன்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டீஸ் என்றால் என்ன, எங்கெல்லாம் போகும், யார் யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம், "சரி, எடுங்க. எங்க ஊர்க்காரங்களுஞ் சேத்தே பாக்கட்டும்" என்றார்.

பட்டைக் கட்டிவிட்டு, முகத்திலும் கழுத்திலும் கையிலும் பவுடரை அப்பினேன். திரைகளை எல்லாம் திறந்தேன். இரண்டு கண்ணாடி பிளேட்டில் படம் எடுத்தேன். கழுவிக் காய வைத்து, நல்லதாக வந்த ஒன்றில் அரை மணி நேரம் பென்சில் வேலை செய்து, மத்தியானத்துக்குமேல் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். என் மனசில் அது நல்ல வேலை.

அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"நீங்கதான்க்கா."

"நான் இல்லீங்க. எம் மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஒம்போது வருஷங் கழிச்சு அவரு பாக்கப்போறது இவளையா?" என்றவர், படத்தில் சேலையைத் தொட்டுக் காட்டினார். "இந்தச் சேலையப் பாருங்க. வெள்ளச் சேலை கட்டுனாப்புல இருக்கு. உசுரோட இருக்கற மனுசனுக்கு இத நான் எப்புடி அனுப்புவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது நிஜம். அந்தக் காலத்துப் பிளேட்டில் நீலம் வெளுப்பாகத்தான் விழும். அதிலும் வானத்து வெளிச்சமே நீலம் கலந்தது. மயில்கழுத்துப் பட்டு அதில் வேட்டித் துணி மாதிரி ஆகியிருந்தது. நேர் வெளிச்சத்தில் மடிப்பும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. வெள்ளையாக ஒரு முகம், வெள்ளையாக ஒரு சேலை. முகத்தை வெளுக்க வைப்பதிலேயே குறியாக இருந்த நான் சேலையைப் பார்க்கவே இல்லை.

ஆனாலும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கேமராவில் இப்படித்தான் விழும், எல்லாரும் இதைத்தான் விரும்பி வாங்கிப் போகிறார்கள் என்று ஏதேதோ சொன்னேன். பின்னறையிலிருந்து என் வீட்டுக்காரரும், வெளுப்பாக வந்ததற்குக் கோபித்துக்கொள்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், கொடுத்து அனுப்பு என்று குரல் கொடுத்தார்.

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. படத்தை மேஜைமேல் வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். "வேற எடுங்க. ஒங்களால ஆவாதுன்னா சொல்லிருங்க, நான் போயிடறேன்" என்றார்.

ஒங்களால ஆவாது. அது என்னைக் குத்தியது. ஐந்து மாதமாக வாசலில் வந்து திரும்பிப் போன ஒவ்வொரு ஆணும் வாய்விட்டுச் சொல்லாமல் நினைத்துப் போன வார்த்தை அது. ஆனால் அவர்கள் நினைத்தது நான் பெண் என்பதற்காக. இவர் சொன்னது என் வேலை சரியில்லை என்பதற்காக. இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

யோசித்தேன். பொழுது சாயும் நேரத்தில் எடுத்த படங்களில் நீலச் சேலைகள் அவ்வளவு வெளுப்பதில்லை என்பதைப் பிரிண்ட் போடும்போது பலமுறை கவனித்திருக்கிறேன். அந்த நேரத்து வெயில் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் அடங்குகிறது, மாநிறமும் கறுப்பும் தெளிகின்றன. பட்டின் மினுமினுப்புக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். நேரே வந்தால் செத்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் செய்து பார்க்க இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சுத்தியலை எடுத்துக்கொண்டு மேற்கு ஜன்னலுக்குப் போய் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"என்ன சத்தம் அங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

மேற்கு ஜன்னலைத் திறக்கிறேன் என்றேன்.

"ஒனக்கென்ன பைத்தியமா? ஒரு பக்கம் வெந்துபோவும், ஒரு பக்கம் கரியாப் போவும். மிச்சம் இருக்கறது ஒரே பிளேட்டு."

"தெரியுங்க. நீங்க படுத்திருங்க. வெளிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கல்யாணமான ஐந்து வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

கூரைத் திரைகளை ஒன்றுவிடாமல் இழுத்து மூடினேன். திறந்த ஜன்னலில் வெளுக்காத காடாத் துணியை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டேன். வெயிலின் முரட்டுத்தனம் போய், பழுப்பும் மஞ்சளுமாக ஒரு வெளிச்சம் உள்ளே பரவியது. அந்த அம்மாளைப் பவுடர் போக முகத்தைக் கழுவிவரச் சொன்னேன். கன்னத்து மேட்டிலும் நெற்றியிலும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தடவி, துணியால் ஒற்றி எடுத்தேன். ஜன்னல் பக்கமாக உடம்பைத் திருப்பி நிற்க வைத்து, முகத்தை மட்டும் என் பக்கம் கொண்டுவரச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் பயந்தது சரிதான். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் அரை முகம் கரியாகத்தான் இருந்தது. அவருடைய வெள்ளை வேட்டியை ஒன்று எடுத்து, துணி காயப்போடும் சட்டத்தில் விரித்து, அந்த நிழல் பக்கத்தில் நிறுத்தினேன். வெளிச்சம் வேட்டியில் பட்டுத் திரும்பி முகத்தில் விழுந்தது. சட்டத்தை ஒரு சாண் முன்னே, அரைச் சாண் பின்னே என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஓரிடத்தில் நிழலுக்குள்ளிருந்து அந்தக் கண் தெரிந்தது. இமை, கன்ன எலும்பு, மூக்குத்தி, கழுத்து நரம்பு எல்லாம் தெரிந்தன. நிழலும் இருந்தது. நிழல் இருந்ததால்தான் அந்த முகத்துக்கு ஓர் உருவம் வந்தது. கீழே பட்டு மடிப்பு மடிப்பாக மின்னியது, சரிகைக்கரை ஒரு கோடாக இறங்கியது. கறுப்புத் துணிக்குள் போய், கேமராக் கண்ணாடியில் தலைகீழாக விழுந்த அந்த உருவத்தை ஒருமுறை சரிபார்த்து, பிளேட்டைச் செருகினேன்.

சிரிக்கச் சொல்லவில்லை. அசையாமல் நாலு எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். அவர் கேமராவை நேராகப் பார்த்தார். இருந்த ஒரே பிளேட்டும் முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் பெரிய அளவில் இரண்டு பிரிண்டும், மலாயாவுக்கு அனுப்ப ஒரு சின்னதும் போட்டு முடித்தேன். முதலில் பின்னறைக்குக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் படத்தை இரண்டு கையாலும் பிடித்து, தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் வெகுநேரம் பார்த்தார். அவர் பாராட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாராட்டவும் இல்லை. திருப்பித் தரும்போது, "இதுல பென்சில் வெச்சுராத" என்றார். அவ்வளவுதான்.

அந்த அம்மாள் வந்து பார்த்தார். "ஆங், இவதான்" என்றார். சின்னப் படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பட்டுச் சேலையைத் தானே நேர்த்தியாக மடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதலாளி வந்தார்.

படத்தைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். எந்த வீட்டுப் பொம்பளை என்று என்னிடம் கேட்டார். என் ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வந்தவர் என்றேன். அந்த அம்மாளின் சேலைக்கட்டிலிருந்தே எந்தச் சனம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காட்டு வேலைக்காரி கட்டிய சேலையை இனி யார் வாங்குவது என்று தொடங்கி, நல்ல குடும்பத்துப் பெண்கள் பார்க்கிற நோட்டீசில் இப்படி ஒரு கறுப்பு முகத்தையா போடுவது என்பது வரைக்கும் பேசினார். அந்த அம்மாள் அங்கேயே நின்று அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சேலையை எடுத்துவந்து அவர் முன் நீட்டினார். முதலாளி கையை நீட்டவில்லை. பெஞ்சில் வைத்துவிட்டுப் போ என்று சைகை காட்டினார்.

அந்த அம்மாள் வைக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"கையில வாங்கிக்குங்க. பட்டு. கீழ வெச்சா அழுக்காயிரும்."

ரோட்டில் ஒரு வண்டி வந்து கடந்து போனது. கடைசியில் முதலாளி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் என்னிடம் போய்ட்டு வரேன்மா என்று சொல்லி, அவசரமில்லாமல் படியிறங்கிப் போனார்.

முதலாளியின் கோபம் முழுவதும் இப்போது என்மேல் திரும்பியது. கடைசியில் கொஞ்சம் இறங்கிவந்தார். சேலை நன்றாக விழுந்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, முகத்தை மட்டும் பென்சிலால் வெளுத்துக் கொடுத்துவிடு, பிளாக்குக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். முந்தின நாள் காலையில் என்றால் கேட்பதற்கு முன்பே செய்திருப்பேன். அவர் வீட்டுக் கல்யாணம், அவர் தெருவில் நடக்கிற கல்யாணம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஸ்டூடியோதான் படம். அதுவும் எனக்குத் தெரியும்.

"முடியாதுங்க" என்றேன். "படத்துல சேல வேணும்னா இந்த முகத்தோட எடுத்துக்கிட்டுப் போங்க. வேணாம்னா ரெண்டையும் வுட்டுட்டுப் போங்க."

படத்தை விட்டுவிட்டுத்தான் போனார். இனி என் தெருவிலிருந்து ஒருத்தர் உன் வாசப்படி ஏறமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னறையிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். பெரிய பிரிண்ட் இன்னொன்று இருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்று கேட்டார். அன்று மத்தியானமே அதைச் சட்டம் போட்டு, வாசல் ஷோகேசின் நடுவில் மாட்டினேன். அதுவரை நடுவில் இருந்தவர் ஒரு ஜமீன் வீட்டுப் பெரியவர். அவரைச் சற்று ஓரத்துக்கு நகர்த்தினேன்.

மறுநாள் காலை ஷோகேஸ் கண்ணாடி முழுக்கச் சேறு. யார் என்று தெரியவில்லை, விசாரிக்கவும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கக் கழுவினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி சேறு. மறுபடி கழுவினேன். மூன்றாவது தடவை சாணி. அதையும் கழுவித் துடைத்து, படத்தை ஒரு சாண் உயரமாக மாட்டினேன். அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை.

முதலாளி சொன்னபடி அவர் தெரு வரவில்லை. தீபாவளி வரைக்கும் சில நாள் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நோட்டீஸ் ஓவியர் வரைந்த ஒரு வெள்ளை முகத்தோடு வெளிவந்தது. இதை நான் ஜெயித்த கதையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் ஐப்பசிக் கடைசியில் குரும்பலூரிலிருந்து ஒரு தாயும் மகளும் பஸ் ஏறி வந்தார்கள். வாசலில் நின்று படத்தைப் பார்த்தபடி, "எம்பொண்ணும் இந்த நெறந்தாங்க. இதே மாரி எடுப்பீங்களா?" என்று அந்தத் தாய் கேட்டார். எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு வேட்டிச் சட்டத்தை வேறு தூரத்தில் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தூரம் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்களைக் கேட்டு இன்னும் சிலர் வந்தார்கள்.

தை மாதத்தில் குன்னத்து அம்மாள் மறுபடி வந்தார். மலாயாவிலிருந்து பதில் வந்திருந்தது. அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஏற்கெனவே யாரோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும், அந்த வரி வரும் முன்பே அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நீ முறைக்கிறது அப்படியே இருக்கிறது, நான் ஊருக்கு வர ஏற்பாடு செய்கிறேன் என்று எழுதியிருந்தார் அந்த மனிதர்.

என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் கழித்துத் தடியூன்றி நடமாடினார். கேமராவை என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. நான் அப்புறம் முப்பது வருஷம் படம் எடுத்தேன். வெளுத்துக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் கடைசி நாள் வரை இருந்தார்கள். முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு திருச்சிக்குப் போனவர்களும் உண்டு, அவர்களை நான் தடுத்ததில்லை. அந்த ஜன்னலைத் திறப்பதற்கு முன் ஐந்து வருஷம் நான் அழித்துக் கொடுத்த முகங்கள் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அவர்களில் ஒருவர்கூட இது யார் என்று என்னிடம் கேட்கவில்லையே, அப்படியே வாங்கிப் போனார்களே என்பதை நினைக்கும்போதுதான் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, முடியாது என்று சொன்ன எந்த நாளைப் பற்றியும் இல்லை.